விழுந்தால் வீட்டுக்கு: சூதாட்ட விளம்பரத் தடையும் நம்ம ஊர்ப் பசங்களும்

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு உறவுக்காரப் பையன் என்னைப் பார்க்க வந்தான். வயது 20. ஐடிஐ முடித்துவிட்டு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. எனக்கு மருமகன் முறை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"மாமா, ஒரு ஆப்ல போன பணத்தைத் திருப்பி எடுக்க ஏதாச்சும் வழி இருக்கா? நீங்க கம்ப்யூட்டர் படிச்சவுகதானே."

ஆன்லைன் ரம்மி. நாலே மாதத்தில் 38,000 ரூபாய். அதில் பாதி அவன் அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன்.

"விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஆட ஆரம்பிச்சியா?"

"இல்ல மாமா. கூட வேலை பாக்குற அண்ணன் லிங்க் அனுப்புனாரு. எனக்கு அம்பது ரூவா, அவருக்கு அம்பது ரூவா."

"அப்ப விளம்பரம் ஒண்ணும் பண்ணலையா?"

"அது முந்தியே தெரியுமே. டிவில வருது, பேப்பர்ல வருது. தப்பான விஷயம்னா போடுவாங்களா?"

இந்தக் கடைசி வாக்கியம் என் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. சூதாட்ட விளம்பரத்தைத் தடை செய்தால் இளைஞர்கள் தப்பிப்பார்களா என்று டிவி விவாதங்களில் பேசும்போதெல்லாம், "விளம்பரம் பார்த்து எவன் ஆடுறான்?" என்று ஒரு தரப்பு கேட்கும். என் மருமகனும் விளம்பரம் பார்த்து ஆடவில்லைதான். ஆனால் விளம்பரம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த அண்ணன் அனுப்பிய லிங்க்கை அவன் அமுக்கியிருப்பானா? இந்தக் கேள்வியோடு பழைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

1870-லேயே விளம்பரத் தடை

சூதாட்ட விளம்பரத் தடை ஏதோ செல்போன் காலத்து யோசனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

1817-ல் கல்கத்தாவில் கம்பெனி ஆட்சி ஒரு லாட்டரி கமிட்டி அமைத்தது. சீட்டு விற்ற காசில் தெரு போட்டார்கள், குளம் வெட்டினார்கள். அதே கம்பெனி 1844-ல், அரசு அனுமதி இல்லாத லாட்டரிகளை ஒடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1870-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 294ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதில் இரண்டு பகுதி. அனுமதி இல்லாத லாட்டரி குலுக்க இடம் வைத்து நடத்தினால் ஆறு மாதம் வரை சிறை. இது முதல் பகுதி. "இந்த நம்பர் விழுந்தால் இவ்வளவு தருகிறோம்" என்று அறிவிப்பு வெளியிட்டால் 1,000 ரூபாய் வரை அபராதம். இது இரண்டாவது பகுதி.

அதாவது நடத்துவது ஒரு குற்றம், வெளியே சொல்வது தனிக் குற்றம். 1870-ல் 1,000 ரூபாய் என்பது சின்னக் காசு இல்லை. 2024 ஜூலையில் புது பாரதிய நியாய சம்ஹிதா வந்தபோது இந்தப் பிரிவு 297 ஆனது, அபராதம் 5,000 ஆனது. அடிப்படை மாறவில்லை. மாறாத இன்னொன்றும் உண்டு: அரசு நடத்தும் லாட்டரிக்கு இது பொருந்தாது. இந்த விதிவிலக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அங்கேதான் இருக்கிறது.

சீட்டாட்டத்துக்கு வேறு சட்டம். சென்னை மாகாணத்தில் 1930-ல் வந்த சூதாட்டச் சட்டம்தான் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த நம்ம பகுதிக்கும். சூதாட்ட விடுதி நடத்தினால் தண்டனை, அங்கே ஆடினாலும் தண்டனை. ஆனால் வெறும் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு விலக்கு. 1967-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ஆந்திர வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னது. கிளப்பில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய ரம்மியைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. ஐம்பது வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தையின் மேல் ஒரு பெரிய தொழிலே எழுந்து நின்றது.

அரசே விளம்பரம் செய்த காலம்

1967-ல் கேரள அரசு லாட்டரித் துறை ஆரம்பித்து, 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல் நடத்தியது. அதே 1968-ல் அண்ணா தலைமையிலான அரசு தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அண்ணா சொன்னதாக எல்லோரும் சொல்வார்கள். தமிழில் எழுதப்பட்ட சூதாட்ட விளம்பர வாசகங்களிலேயே இதுதான் ஆகச் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். தோற்கிறவனுக்கும் ஒரு கௌரவம் கொடுக்கிறது பாருங்கள். ஒரு ரூபாய் போனால் போகட்டும், எங்கோ ஒரு பள்ளிக்கூடச் சுவராகும்.

1975-ல் கருணாநிதி அரசு அந்தச் சீட்டை நிறுத்தியது. 1984-ல் எம்ஜிஆர் அரசு மறுபடி ஆரம்பித்தது. 1977-ல் அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதலமைச்சர் ஆனவர் அவர், அதனால் எங்க ஊர்ப் பெரியவர்கள் அவர் எதைக் கொண்டுவந்தாலும் தப்புச் சொல்ல மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்டரிக் கடைகள் இருந்தன. கயிறு கட்டி, துணி காயப்போட்ட மாதிரி சீட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். சிக்கிம், நாகாலாந்து, பூட்டான் என்று நாங்கள் பூகோளப் பாடத்தில் படிக்கும் முன்பே பெயர் தெரிந்தது லாட்டரிச் சீட்டில்தான். சைக்கிளில் மைக் கட்டிக்கொண்டு வருவார்கள். சனிக்கிழமை தறிக்கூலி கைக்கு வந்ததும் முதலில் டீ, அப்புறம் சீட்டு, அப்புறம்தான் வீடு என்று இருந்தவர்கள் எங்க தெருவிலேயே உண்டு. சாயங்காலம் ரிசல்ட் பார்க்க மாலைப் பேப்பரைச் சுற்றி கூட்டம் நிற்கும். பக்கத்தில் சிவகாசி அச்சகங்களுக்கு லாட்டரிச் சீட்டு அச்சடிப்பது நல்ல வருமானம்.

மானாவாரிக் கரிசலில் வாழ்கிறவர்களுக்கு அதிர்ஷ்டம் என்பது புது விஷயம் இல்லை. பருத்தி போட்டாலும் மல்லி போட்டாலும் மழை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் விதையும் போச்சு. "போட்டுத்தான் பாப்போமே" என்பது எங்க பக்கம் விவசாய வார்த்தை. லாட்டரிக்காரர் அதே வார்த்தையைச் சொன்னபோது யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. ஆனால் கரிசல் நிலம் நாலு வருஷத்தில் ஒரு வருஷமாவது திருப்பிக் கொடுக்கும்.

1998-ல் மத்திய அரசு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்து, ஒற்றை இலக்க லாட்டரி கூடாது என்றது. வெளிமாநிலச் சீட்டுகளைத் தடை செய்யும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு ஒரு நிபந்தனை சொன்னது: அடுத்த மாநிலச் சீட்டைத் தடுக்க வேண்டுமானால் நீ உன் சீட்டையும் விற்கக் கூடாது. ஊருக்கு உபதேசம் செய்கிறவர் முதலில் தன் கடையை மூட வேண்டும் என்பதுதான் இதற்கு அர்த்தம். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும், தன்னுடையதையும் சேர்த்து, நிறுத்தியது.

2003: ஒரே வருஷத்தில் மூன்று சோதனை

அந்த 2003-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரே வருஷத்தில் மூன்று விஷயம் நடந்தது.

ஜனவரியில் லாட்டரி. கடையும் போனது, விளம்பரமும் போனது.

மே மாதம் புகையிலைப் பொருட்கள் சட்டம் (கோட்பா). 2004 மே முதல் விளம்பரத் தடை நடைமுறைக்கு வந்தது. கடை இருக்கும், விளம்பரம் இருக்காது. கூடவே 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற விதிகள். 2009 முதல் பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம்.

நவம்பரில் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது. மது விளம்பரம் டிவியில் கூடாது என்று கேபிள் டிவி விதிகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. டாஸ்மாக்குக்கு ஒரு விளம்பரம் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போர்டுகூட ஒழுங்காக இருக்காது. ஆனால் கடை எல்லா ஊரிலும் இருக்கும்.

மூன்றும் என்ன ஆயின?

டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 2003-04-ல் சுமார் 3,640 கோடி ரூபாய், 2023-24-ல் 45,855 கோடி. விலையும் வரியும் கூடியதைக் கழித்தாலும் இது சின்ன வளர்ச்சி இல்லை. விளம்பரமே இல்லாமல், கடை பக்கத்தில் இருந்தது ஒன்றே போதுமாக இருந்தது.

புகையிலை வேறு மாதிரி. மத்திய அரசின் கணக்கெடுப்புப்படி 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் புகையிலை உபயோகிப்பவர்கள் 2009-10-ல் 18.4 சதவீதம், 2016-17-ல் 12.4 சதவீதம். இது முழுவதும் விளம்பரத் தடையின் புண்ணியம் என்று சொல்ல முடியாது. எச்சரிக்கைப் படம், வரி எல்லாம் சேர்ந்தது. ஆனால் விற்பனை தொடரும்போதே இளைஞர்களிடம் குறைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. இதில் இன்னொரு பாடமும் உண்டு. சாஃபர், சலூப்கா என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 22 பணக்கார நாடுகளின் சிகரெட் விளம்பரத் தடைகளை ஆராய்ந்து 2000-ல் எழுதினார்கள்: முழுத் தடை போட்ட இடத்தில் உபயோகம் குறைந்தது, அரைகுறைத் தடைக்குப் பெரிதாகப் பலன் இல்லை. டிவியில் தடுத்தால் காசு சுவருக்குப் போகிறது, சுவரில் தடுத்தால் விளையாட்டு மைதானத்துக்குப் போகிறது. தண்ணீர் பள்ளம் பார்த்துப் போகிற மாதிரிதான்.

லாட்டரிக்குச் சதவீதக் கணக்கு என்னிடம் இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் மருமகன் 2002-ல் பிறந்தவன். லாட்டரிக் கடை என்றால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அந்தத் தலைமுறைக்குச் சீட்டு வாங்கும் பழக்கமே தொற்றவில்லை. கண் தெரியாதவர்கள், கால் நடக்க முடியாதவர்கள் பலர் சீட்டு விற்றுப் பிழைத்தார்கள், தடை அவர்கள் வயிற்றில் அடித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான். கடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் விளம்பரம் இல்லாமலும் வியாபாரம் ஓடும். கடையும் விளம்பரமும் சேர்ந்து போனால் அடுத்த தலைமுறை பெரும்பாலும் தப்பிக்கும். விளம்பரம் மட்டும் முழுசாகப் போனால் நடுத்தரமான பலன், அதுவும் முக்கியமாக இன்னும் ஆரம்பிக்காத சின்ன வயசுக்காரர்களுக்கு.

விளம்பரமே இல்லாத சூது

இதற்கு ஒரு பெரிய விலக்கு இருக்கிறது. மூணு நம்பர் லாட்டரி.

2003-க்குப் பிறகு லாட்டரி ஒரேயடியாக ஒழியவில்லை. கேரளச் சீட்டின் ரிசல்ட்டில் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத் துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்து ஆடுகிறார்கள். கடை கிடையாது, போர்டு கிடையாது. டீக்கடையில் நிற்கும் ஒரு ஆள்தான் கடை. இப்போது வாட்ஸப். தென்மாவட்டங்களில் இதற்காக ஆட்களைக் கைது செய்யும் செய்தி இன்றும் வருகிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி தன் குடும்பத்தோடு உயிரை விட்டார். போவதற்கு முன், மூணு நம்பர் லாட்டரியை ஒழியுங்கள் என்று வீடியோவில் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சூதுக்கு எந்த நடிகரும் விளம்பரம் செய்யவில்லை.

ஆக, விளம்பரத்தை நிறுத்தினால் சூது செத்துவிடும் என்பது பொய். தெரிந்த முகம் ஒன்று போதும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மூணு நம்பர் ஆடுகிறவனுக்கு அது திருட்டுத்தனம் என்று தெரியும். வீட்டில் சொல்ல மாட்டான், பையன் முன்னால் ஆட மாட்டான். "தப்பான விஷயம்னா போடுவாங்களா?" என்ற கேள்வியே அங்கே எழாது.

2020: ரம்மி வந்த வழி

2020-ல் ஊரடங்கு. வேலை இல்லை, கையில் போன் இருந்தது. அந்த வருஷ ஐபிஎல்லுக்கு டைட்டில் ஸ்பான்சர் ட்ரீம்11, ஒரு சீசனுக்கு 222 கோடி ரூபாய். சட்டப்படி அது சூதாட்டம் இல்லை, திறமை விளையாட்டு என்று கோர்ட்டுகள் சொல்லியிருந்தன. ரம்மி ஆப்புகளும் 1967 தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதே கதவு வழியாக வந்தன. பேப்பரில் முழுப் பக்கம், யூடியூபில் ஒவ்வொரு வீடியோவுக்கும் முன்னால்.

2020 நவம்பர் ஆரம்பத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு பொதுநல வழக்கு. நீதிபதிகள் என். கிருபாகரன், பி. புகழேந்தி அமர்வு, ஆன்லைன் விளையாட்டு விளம்பரங்களில் வந்த விராட் கோலி, சவுரவ் கங்குலி, பிரகாஷ்ராஜ், தமன்னா, ராணா, சுதீப் ஆகியோருக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டது. கேள்வி சட்டத்தைப் பற்றியது மட்டும் அல்ல. உங்களை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த நம்பிக்கையை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி.

டிசம்பர் 4-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் விதிகளைப் பின்பற்றும்படி டிவி சேனல்களுக்கு அறிவுறுத்தியது. 18 வயதுக்குட்பட்டவர் ஆடுவதுபோல் காட்டக் கூடாது. இதை வருமானத்துக்கு வழி, வேலைக்கு மாற்று என்று காட்டக் கூடாது. பண இழப்பு அபாயம் உண்டு, அடிமையாக்கலாம் என்று எச்சரிக்கை வேண்டும், அதையும் சாதாரணமாகப் பேசும் வேகத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி விதி எழுதப்பட்டதே ஏன் என்று அந்த விளம்பரங்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும். தட்கல் டிக்கெட் எடுக்கிற அவசரத்தில் சொல்வார்கள்.

அப்புறம் சட்டத்தின் ஊஞ்சல். 2020 நவம்பரில் தமிழக அரசின் அவசரச் சட்டம், 2021 பிப்ரவரியில் சட்டம். 2021 ஆகஸ்ட் 3-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு குழு, அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டமும் மசோதாவும். ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் விளம்பரம் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்ததை மட்டும் நீக்கியது.

இந்தத் தேதிகளை வெறும் வரிசையாகப் பார்க்காதீர்கள். என் மருமகன் ஆட ஆரம்பித்தது 2021 செப்டம்பர். முதல் சட்டம் ரத்தாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. தடை இருந்தது, பிறகு எடுக்கப்பட்டது, விளம்பரம் மறுபடி வந்தது. அவன் கண்ணில் அது கோர்ட்டே சரி என்று சொல்லிவிட்ட விஷயம். ஊஞ்சலாடும் தடை சில சமயம் தடையே இல்லாததைவிட மோசம், திரும்பி வரும்போது நற்சான்றிதழோடு வருகிறது.

போனுக்குள் விளம்பரம் எது, கடை எது?

இந்த இடத்தில் என் தொழில் பேச்சு கொஞ்சம்.

லாட்டரி காலத்தில் விளம்பரம் சுவரில், கடை பஸ் ஸ்டாண்டில். நடுவில் நடக்க வேண்டும், பையில் காசு இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். அந்த இடைவெளியில் எத்தனையோ பேர் மனசு மாறியிருப்பார்கள். போனில் அந்த இடைவெளி இல்லை. விளம்பரத்தைத் தொட்டால் கடை திறக்கும், யுபிஐ நம்பர் போட்டால் கல்லா திறக்கும்.

அந்த "அண்ணன்" அனுப்பிய லிங்க்கில் அவர் அடையாளம் ஒரு கோடாக ஒட்டியிருக்கும். இவன் முதல் தடவை பணம் கட்டியதும் அவருக்குக் கமிஷன். வீட்டுத் தோழன் வாயிலிருந்தே விளம்பரம் வருகிற ஏற்பாடு. ஏழு நாள் ஆப்பைத் திறக்காதவர் பட்டியலை கம்ப்யூட்டர் தானாக எடுத்து, "உங்கள் கணக்கில் 100 ரூபாய் போனஸ்" என்று மெசேஜ் அனுப்பும். இது எப்படி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே ஒரு ஷாப்பிங் ஆப்புக்கு அதே மாதிரி கோடு எழுதியிருக்கிறேன். ஏழு நாளை மூன்று நாள் ஆக்கியதும் திரும்பி வருகிறவர்கள் எண்ணிக்கை கூடியது, டீமில் கைதட்டினார்கள். புடவை விற்றால் அது மார்க்கெட்டிங். அதே பத்து வரி கோடு சூதாட்ட ஆப்பில் உட்கார்ந்தால், விட நினைக்கிறவன் சட்டையைப் பிடித்து இழுக்கும் கை.

என் மருமகன் இரண்டு தடவை ஆப்பை அழித்திருக்கிறான். இரண்டு தடவையும் போனஸ் மெசேஜ்தான் திரும்ப இழுத்தது.

சுவீடனைச் சேர்ந்த பெர் பின்டே என்ற ஆய்வாளர் சூதில் சிக்கியவர்களைப் பேட்டி எடுத்து 2009-ல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது இது ஞாபகம் வந்தது. விளம்பரம்தான் என் பிரச்சினைக்கு மூல காரணம் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. ஆனால் விட்டுவிட முயலும்போது விளம்பரம் அதைக் கஷ்டமாக்குகிறது என்று சிலர் சொன்னார்கள். விளம்பரத் தடையால் யாருக்குப் பலன் என்பதற்கு இது நல்ல பதில்: இன்னும் உள்ளே போகாதவனுக்கும், வெளியே வர முயல்கிறவனுக்கும். நடுவில் மூழ்கிக் கிடப்பவனுக்கு அது மட்டும் போதாது.

இத்தாலியும் நார்வேயும்

வெளியூர்க் கதை இரண்டு மட்டும்.

இத்தாலி 2018-ல் சூதாட்ட விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட முழுத் தடை போட்டது. ஆட்டம் மட்டும் சட்டப்படி தொடர்ந்தது. மொத்தப் பந்தயத் தொகை 2019-ல் சுமார் 11,000 கோடி யூரோ, 2023-ல் 14,700 கோடிக்கு மேல். ஜெயித்த காசைத் திரும்பத் திரும்பக் கட்டுவதும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் அப்படியே நஷ்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் குறையவில்லை என்பது தெரிகிறது. 2023 அக்டோபரில் டோனாலி, ஃபாஜோலி என்ற இளம் கால்பந்து வீரர்கள் பந்தயம் கட்டியதற்காகத் தடைக்கு ஆளானார்கள். இருவருக்கும் 25 வயதுகூட ஆகவில்லை. அடுத்த வருஷம் இன்டர் மிலான் அணியின் சட்டையில், பந்தயக் கம்பெனி ஒன்றின் பெயரிலேயே நடக்கும் ஒரு விளையாட்டுச் செய்தித் தளத்தின் பெயர் ஏறியது. நம்ம ஊரிலும் இதே தந்திரம்தான். பந்தயத் தளங்கள் செய்தித் தளம், விளையாட்டு பிளாக் என்று வேஷம் போட்டு விளம்பரம் செய்வதை 2022 அக்டோபரில் மத்திய அமைச்சகமே சுட்டிக்காட்டி எச்சரித்தது. மதுக் கம்பெனி சோடா விற்ற கதை.

நார்வே நேர் எதிர். 2007 ஜூலையில் கடைகளிலும் ஸ்டேஷன்களிலும் இருந்த காசு போட்டு ஆடும் ஸ்லாட் மெஷின்களை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். உதவி கேட்டு வந்த அழைப்புகள் குறைந்தன. ஆடியவர்கள் எல்லோரும் வேறு சூதுக்குத் தாவிவிடவும் இல்லை. நம்ம 2003 லாட்டரித் தடைக்கு அண்ணன் தம்பி.

2025-க்குப் பிறகு

2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் மொத்தமாகத் தடுக்கிறது. விளம்பரம் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். வங்கிகளும் பணப் பரிமாற்றத்துக்கு வழி விடக் கூடாது. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. 358 கோடி ஒப்பந்தத்தோடு இந்திய அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 பெயர் போய், அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் ஸ்பான்சர் பெயர் இல்லாத சட்டையோடு அணி ஆடியது. சின்னப் பசங்கள் பார்த்த விளம்பரங்களில் மிகப் பெரியது அந்தச் சட்டைதான், அது போனது நல்லது.

2003-ஐ வைத்துப் பார்த்தால் இந்தச் சட்டம் சரியான இடத்தில் கை வைக்கிறது: கடை, விளம்பரம், கல்லா மூன்றிலும். ஆனால் வெளிநாட்டிலிருந்து நடக்கும் தளங்கள், டெலிகிராம் குரூப், லிங்க் அனுப்பும் அண்ணன்கள் எல்லாம் மூணு நம்பர் லாட்டரியின் வாரிசுகள். போர்டைக் கழற்றினால் அவர்கள் போக மாட்டார்கள். ஒரு மெசேஜும் ஒரு ரெஃபரல் கமிஷனும் விளம்பரம்தான் என்று நினைத்துத் தேடினால்தான் பிடிபடுவார்கள். 1870-ல் சட்டம் எழுதியவர் "வெளியிடுவது" தனிக் குற்றம் என்று புரிந்துகொண்டார். இன்று வெளியிடுகிறவர் பேப்பர்காரர் இல்லை, பக்கத்து மெஷினில் நிற்கும் தொழிலாளி. அவரைச் சிறைக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அவருக்கு அந்த 50 ரூபாயைக் கொடுத்த கணக்கை மூட வேண்டும்.

ஆகவே என் பதில்: விளம்பரத் தடை மட்டும் இளைஞர்களைக் காப்பாற்றாது. ஆனால் அது இல்லாமல் வேறு எதுவும் காப்பாற்றாது. விளம்பரம் ஆளை ஆட வைப்பதைவிட முக்கியமாக ஒன்றைச் செய்கிறது, இது மரியாதையான காரியம் என்று முத்திரை குத்துகிறது. 1968-ல் அந்த முத்திரையை அரசே குத்தியது. 2020-ல் கிரிக்கெட் வீரர்கள் குத்தினார்கள். அந்த முத்திரை அழிந்தால் லிங்க் அனுப்புகிறவர் கொஞ்சம் தயங்குவார், வாங்குகிறவன் கொஞ்சம் சந்தேகப்படுவான். வறண்ட ஊரில் ஒரு குடும்பத்தின் குழுக் கடனைக் காப்பாற்ற அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருக்கலாம்.

2022-ல் அவனுடைய பணத்தை என்னால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. அது கட்டிப் போன பணம், திரும்பாது என்று சொன்னேன். இப்போது அவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், குழுக் கடனை அடைத்துவிட்டான். போன தீபாவளிக்குப் புது நம்பரிலிருந்து கூப்பிட்டான்.

"பழைய நம்பர் என்னாச்சுடா?"

"அதுக்கு மெசேஜ் வந்துக்கிட்டே இருந்துச்சு மாமா. சிம்மை ஒடிச்சுப் போட்டுட்டேன்."